மலைப்பக்கம், ஆற்றுப்பக்கம்

சிம்ராங்,
நான்காம் மாதம், இருபத்திரண்டாம் நாள்

மைத்துனர் யுங்துங் அவர்களுக்கு,

மும்மணிகளின் அருளால் இங்கு நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

இக்கடிதத்தில் ஐந்து விஷயங்கள் உள்ளன. குழப்பம் வரக்கூடாது என்பதற்காக முதலிலேயே வரிசையிட்டுத் தருகிறேன்.

1. விபத்து நடந்த இடம்.
2. என் மகன் நோர்தெனும் உங்கள் மகள் சிமியும் சுவரின் எந்தப் பக்கம் வந்தார்கள் என்பது.
3. பிறந்த வழக்கத்துக்கு மாறாகச் சுவரைக் கடப்பவர்களைப் பற்றி.
4. குடம் யார் வீட்டிலிருந்து வரவேண்டும் என்பது.
5. கல்யாணப் பேச்சு.

முதல் விஷயம். நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள மந்திரம் செதுக்கிய கல் சுவர்தான் இடம். சுவருக்கு ஆற்றுப்பக்கம் ஒரு பாதை, மலைப்பக்கம் ஒரு பாதை. சுவரை வலக்கைப் பக்கம் வைத்துப் போவது புத்த மார்க்கத்தாராகிய எங்கள் வழி. இடக்கைப் பக்கம் வைத்துப் போவது பழைய மார்க்கத்தாராகிய உங்கள் வழி. உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். விதியை முதலில் வைக்காமல் மேலே போக எனக்கு வராது.

இரண்டாவது. நோர்தென் சைக்கிளில் மேலே உங்கள் ஊர்ப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தான். வெளிநாட்டுச் சைக்கிள்காரர்களை ஊர் ஊராக அழைத்துப் போவது அவன் தொழில். பருவம் தொடங்குமுன் பாதை பார்க்கப் போனான். சுவர் வலக்கைப் பக்கம் வரவேண்டுமென்றால் ஆற்றுப்பக்கமாகத்தான் ஏறியிருப்பான். உங்கள் மகள் சுகாதார நிலைய வேலைக்குச் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தாள். உங்கள் வழக்கப்படி அவளும் அதே ஆற்றுப்பக்கமாக எதிரே வந்தாள். சுவர் எங்கள் ஊர் எல்லையில் இருக்கிறது. அவள் இறங்கி நின்று வழி விட்டிருக்கவேண்டும். விடவில்லை. என் மகனுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

மூன்றாவது. பிறந்த வழக்கத்துக்கு மாறாகச் சுவரைக் கடப்பவர் சுவரையும் மதிக்காதவர், மனிதரையும் மதிக்காதவர். என் மகன் அப்படிப்பட்டவன் அல்ல. ஆகவே அவன் ஆற்றுப்பக்கமாகத்தான் வந்தான் என்பது இதிலிருந்தும் உறுதியாகிறது.

நான்காவது. தவறு செய்த வீட்டின் தலைவர் சாங் கள் நிரப்பிய குடமும் வெள்ளைத் துண்டுமாக மற்ற வீட்டின் வாசலுக்கு வரவேண்டும். அதுவரை இரு வீடும் பேசிக்கொள்ளக்கூடாது. நீங்கள் ஊரார் முன்னால் அப்படிச் சத்தியம் செய்தீர்கள். எல்லோரும் என்னைப் பார்த்ததால் நானும் செய்தேன். எழுதுவதில்லை என்று நாம் இருவருமே சொல்லவில்லை. இதை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன்.

ஐந்தாவது. தாய்மாமன் மகள் என்ற முறையில் சிமி என் மகனுக்குரியவள். என் மனைவி, உங்கள் அக்கா குன்சாங், கண்மூடுமுன் கேட்டதும் இதைத்தான். குடம் வந்தபிறகு அதைப் பேசலாம். அதற்கு முன் இல்லை.

இதைக் கோபத்தில் எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் அக்காவின் கணவன்,
உர்கென்


நம்தோ,
ஐந்தாம் மாதம், மூணாம் நாள்

வாத்தியார் மச்சானுக்கு,

கடுதாசி வந்துச்சு. ஜீப்காரன் பெம்பா பல்லைக் காட்டிக்கிட்டே கொடுத்தான். எனக்கு உங்களை மாதிரி எழுத வராது, பேசுற மாதிரிதான் வரும், பொறுத்துக்கோங்க. பொறுக்காட்டியும் பரவால்ல.

முழங்கால் இருக்கிற இடத்துலதான் இருக்கு. உங்க ஒண்ணு ரெண்டு மூணு வரிசையைப் பார்த்ததும் எங்கக்கா ஞாபகம் வந்துச்சு. 'அந்த மனுஷன் களி திங்கிறதுக்கும் நம்பர் போடுவார்டா'ன்னு சொல்வா.

எலும்பு முறிஞ்சதை எழுதினீங்க. என் பொண்ணுக்கு முன்பல் ரெண்டும் போச்சே, அது எந்த நம்பர்ல வருது? பல்லு போன பொண்ணைப் பார்த்து 'எப்படிம்மா இருக்கே'ன்னு ஒரு வார்த்தை உங்க கடுதாசியில இல்ல. கல்யாணப் பேச்சு மட்டும் இருக்கு.

சுவர் உங்க எல்லையில இருக்காம். அந்தச் சுவர்ல பாதிக் கல்லு எங்க பாட்டன்மார் செதுக்கினது. எங்க மந்திரமும் இருக்கு, உங்க மந்திரமும் இருக்கு. கல்லுங்க சண்டை போடல, நீங்கதான் எல்லை போடுறீங்க.

இப்போ கேட்டுக்கோங்க. முட்டிக்கிட்டது ஆத்துப்பக்கம் இல்ல. மலைப்பக்கம். பையனைத் தூக்கினது எங்க ஊர்க் கோவேறு கழுதைக்காரங்க. சைக்கிள் வெளக்குக் கண்ணாடி அங்கதான் நொறுங்கிக் கெடக்கு. நீங்க சுவத்தையே போய்ப் பார்க்காம நாக்காலியில உக்காந்து தீர்ப்பு எழுதிட்டீங்க. பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் மார்க் போட்டீங்களா?

இன்னொண்ணு. எங்கக்கா உங்க வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து சாகுற வரைக்கும் உங்க பக்கமாவே சுவத்தைச் சுத்தினா. நீங்க ஒரே ஒரு தடவை அவ பக்கமாச் சுத்தினதுண்டா? பதில் எழுத வேண்டாம். எனக்கே தெரியும்.

குடம் உங்க வீட்லேர்ந்துதான் வரணும்.

குன்சாங்கின் தம்பி,
யுங்துங்


சிம்ராங்,
ஐந்தாம் மாதம், பத்தாம் நாள்

மைத்துனர் அவர்களுக்கு,

நலம். உங்கள் வீட்டாரும் நலமாக இருக்கவேண்டும். சிமியின் பல் பற்றி நான் கேட்காதது குறைதான். கேட்கிறேன்: வலி குறைந்ததா?

நேற்றுக் காலை, காற்று எழுமுன், சுவருக்குப் போனேன். யாரையும் உடன் அழைக்கவில்லை. நீங்கள் எழுதியது போலவே விளக்குக் கண்ணாடித் துண்டுகள் மலைப்பக்கப் பாதையில் புழுதிக்குள் கிடந்தன. சைக்கிள் சங்கிலியின் எண்ணெய்க் கறை ஒரு மந்திரக் கல்லில் படிந்திருந்தது. தலைத்துண்டால் துடைத்தேன். போகவில்லை.

எனவே என் முதல் விஷயத்தில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது. தவறு என்று சொல்லமாட்டேன், திருத்தம்.

இந்தத் திருத்தத்தால் முடிவு மாறவில்லை. உங்கள் மகள் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். மலைப்பக்கமாக இறங்கினால் சுவர் வலக்கைப் பக்கம் வரும். அது எங்கள் வழி, உங்கள் வழி அல்ல. அப்படியென்றால் பிறந்த வழக்கத்துக்கு மாறாகச் சுவரைக் கடந்தவள் அவள்தான். என் மூன்றாவது விஷயத்தைத் தயவுசெய்து மீண்டும் படியுங்கள்.

ஆகவே குடம் உங்களிடமிருந்தே வரவேண்டும். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

உர்கென்


நம்தோ,
ஐந்தாம் மாதம், இருபதாம் நாள்

வாத்தியார் மச்சானுக்கு,

உடம்புக்கு ஒண்ணுமில்ல. வாய்க்குத்தான் கேடு, திட்டித் திட்டி.

கணக்கைப் பாதி போட்டுட்டு விடையை எழுதிட்டீங்களே! என் பொண்ணு மலைப்பக்கமா எறங்கினது அவ வழிக்கு மாறினதுன்னா, உங்க பையன் அதே மலைப்பக்கமா ஏறினது எந்த வழி? ஏறுறப்போ மலைப்பக்கம் போனா சுவர் இடது கைப்பக்கம் வரும். அது எங்க வழி, மச்சான். உங்க பையன் எங்க வழியில என்ன புடுங்கிட்டிருந்தான்? கண்ணாடித் துண்டைப் பொறுக்கினவருக்கு இது மட்டும் கண்ணுல படல. படாம இருக்குமா? பட்டுருக்கும். எழுதல.

உங்க மூணாம் நம்பரை நீங்களே இன்னொரு தடவை படிங்க. சத்தமாப் படிங்க, பையன் காதுல விழட்டும்.

நானும் மறைக்கல. என் பொண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எந்தப் பக்கம்டி வந்தே?"

"கண்ணுல தூசிப்பா."

"தூசி விழுந்தா சுவரு இடம் மாறிடுமா?"

"காத்து வேற பெருசுப்பா."

"காத்து உன்னையும் தூக்கிச் சுவத்துக்கு அந்தாண்ட போட்டுதாக்கும்?"

வாயைக் கையால மூடிக்கிட்டு உள்ளே போயிட்டா. பல்லு போனதுலேர்ந்து பேசுறப்ப வாயை மூடிக்கிறா.

எங்க கோயில்ல விளக்கேத்துறது அவதான். பெரியவங்க இனிமே வேண்டாம்னுட்டாங்க. 'வழி மாறின கை'ன்னு என் முகத்துக்கு நேரா ஒருத்தன் சொன்னான். அவன் தாடையில ஒண்ணு கொடுத்தேன், அதுக்கு வேற ஊர்க்கூட்டம்.

ஊர்க்கூட்டத்துல முடிவாயிடுச்சு. மலைப்பக்கப் பாதையில முள்ளு வெட்டிப் போட்டாச்சு. உங்க சைக்கிள் எதுவும் இனிமே அந்தப் பக்கம் ஏறவும் வேண்டாம், எறங்கவும் வேண்டாம்.

யுங்துங்


சிம்ராங்,
ஆறாம் மாதம், எட்டாம் நாள்

மைத்துனருக்கு,

உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். பிறகு, அதுவும் முறையல்ல என்று மீண்டும் எழுதுகிறேன். நலம் அறிய ஆவல்.

நோர்தென் பொக்காரா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். தொடைக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். இலையுதிர்காலப் பருவம் முழுவதும் சைக்கிள் ஏறக்கூடாது. அவனுடைய சைக்கிள் தொழுவத்தில் யாக் வறட்டிகளுக்கு மேல் கிடக்கிறது. முன் சக்கரம் அப்பளம்போல வளைந்திருக்கிறது. அதைப் பார்க்கக்கூடாது என்று கதவு பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான்.

நீங்கள் சொன்ன மறுபாதிக் கணக்கு உண்மைதான். நான் எழுதாமல் விட்டேன். அதனால் அவனையே கேட்டேன். அந்த உரையாடலை மாற்றமில்லாமல் தருகிறேன்.

"எந்தப் பக்கமா ஏறினே?"

"ஞாபகமில்லப்பா."

"பொய் சொல்றே."

"ஆமாப்பா."

"அப்போ உண்மையைச் சொல்லு."

"களி ஆறிப்போகுது, சாப்பிடுங்கப்பா."

எனக்கு மேலே கேட்கத் தெரியவில்லை. பள்ளியில் பையன்கள் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவேன். பொய்தான் என்று ஒத்துக்கொண்டு நிற்பவனை என்ன செய்வது என்று நான் படித்த எதிலும் இல்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் அவனை வாசலில் வைத்தே 'நம்தோ மருமகன்' என்று கேலி பேசுகிறார்கள். 'கல்யாணத்துக்கு முன்னாடியே மாமனார் வழிக்குப் போயிட்டான்' என்கிறார்கள். அவன் சிரிக்கிறான். நான் சிரிப்பதில்லை.

நீங்கள் மலைப்பக்கம் முள் போட்டதற்குப் பதிலாக எங்கள் ஊரார் ஆற்றுப்பக்கப் பாதையில் முள் போட்டுவிட்டார்கள். நான் வேண்டாம் என்று சொன்னேன். மெதுவாகச் சொன்னேன் போலிருக்கிறது. ஒருவருக்கும் கேட்கவில்லை.

உர்கென்


நம்தோ,
ஏழாம் மாதம், இருபத்தஞ்சாம் நாள்

மச்சானுக்கு,

ரெண்டு மாசமா எழுதல. எழுதுற மனசில்ல. குதிரைப் பந்தயத் திருவிழாவுல உங்களைப் பார்த்தேன். நீங்களும் பார்த்தீங்க. ரெண்டு பேரும் குதிரையைப் பார்த்தோம்.

நம்ம ஊர்க்காரங்க புத்தியோட லட்சணத்தைச் சொல்றேன். ரெண்டு பக்கமும் முள்ளு. போன வாரம் ஒரு வெள்ளைக்காரன் தாடியும் அவனுமா சைக்கிள்ல வந்தான். அந்தப் பக்கம் போனான், முள்ளு. இந்தப் பக்கம் வந்தான், முள்ளு. சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு சுவத்து மேலயே ஏறிட்டான்! மந்திரக் கல்லு மேல செருப்புக் கால்! நம்ம ரெண்டு ஊரும் ஒண்ணா நின்னு கத்தினதை அன்னிக்குத்தான் பார்த்தேன். உங்க ஊர்க் கெழவர் ஒருத்தர் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, 'எறங்கச் சொல்லுங்க, எறங்கச் சொல்லுங்க'ன்னு அழுறார். அவன் எங்களைப் பார்த்துக் கையாட்டுறான், கைதட்டி வரவேற்கிறாங்கன்னு நெனச்சு. கல்லு ரெண்டு விழுந்து ஒடைஞ்சது. ஒண்ணு உங்களுது, ஒண்ணு எங்களுது.

கத்தி முடிஞ்சதும் எங்க ஆளு சொன்னான், 'ஆத்துப்பக்கம் முள்ளு போட்டவங்களாலதான்.' உங்க ஆளு சொன்னான், 'மலைப்பக்கம் போட்டவங்களாலதான்.' அப்புறம் பழையபடி.

அந்தத் தாடிக்காரன் ஊருக்கெல்லாம் சொல்லிட்டான் போல. சைக்கிள்காரங்க இப்போ ஆத்துக்கு அக்கரை வழியாப் போறாங்க. என் விடுதியில மூணு கட்டிலும் காலி.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். காத்மாண்டுல டீக்கடை வெச்சிருக்கிற எங்க மார்க்கத்துப் பையன் ஒருத்தன். நல்லவன்னு சொல்றாங்க. பல்லு இல்லாட்டியும் பரவால்ல, கட்டி வெச்சுக்கலாம்னு சொல்லிட்டான். ஒன்பதாம் மாசம் பௌர்ணமிக்குப் பொண்ணு கேக்குற குடத்தோட வர்றான். குடத்தை ஏத்துக்கிட்டா, குளிருக்கு எல்லாரும் தெக்கே எறங்குறப்போ சிமியும் அவங்களோட போயிடுவா. உங்களுக்குச் சொல்லணும்னு ஒண்ணும் கட்டாயமில்ல. எங்கக்கா கேட்டதை நான் மறக்கலங்கிறதுக்காகச் சொன்னேன். மறந்தது நீங்க.

யுங்துங்


நம்தோ,
எட்டாம் மாதம், பதினெட்டாம் நாள்

அன்புள்ள மாமாவுக்கு,

சிமி எழுதுவது. மாமா நலமா? இருமல் விட்டதா? நான் நலம். சாம்பா மாவைத் தேநீரில் கரைத்தே குடிப்பதால் மெல்லும் வேலை இல்லை.

அப்பா களத்தில் வாற்கோதுமை தூற்றுகிறார். அதனால் எழுத முடிகிறது. நீங்களும் அப்பாவும் கேட்டுக்கொண்டே இருக்கிற கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

நான் உங்கள் வழியில் வந்தேன். அவன் எங்கள் வழியில் வந்தான். அவ்வளவுதான் மாமா.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நான் வேலைக்கு இறங்கும்போது அவன் பாதை பார்க்கிறேன் என்று ஏறி வருவான். அவன் அவன் வழியில் வந்தாலும் நான் என் வழியில் வந்தாலும் இருவரும் ஆற்றுப்பக்கத்தில்தான் எதிரெதிரே வருவோம். தினமும் சக்கரத்தோடு சக்கரம் முட்டுவதுபோல நின்று சண்டை போடுவோம். "ஒதுங்குடி, எங்க ஊர் எல்லை." "நீ ஒதுங்குடா, எறங்குற சைக்கிளுக்குத்தான் வழி." "உன் பிரேக் பிடிக்காதா?" "உன்னைப் பார்த்தா பிடிக்காது." இப்படி. யாரும் ஒதுங்கமாட்டோம். சைக்கிளை உருட்டிக்கொண்டு உரசிக்கொண்டுதான் போவோம். அதற்காகவேதான் அந்த நேரத்துக்குக் கிளம்புவேன் என்பதை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

அன்று அத்தையின் திதி. கோயிலில் விளக்கேற்றிவிட்டு இறங்கினேன். அத்தை காலமெல்லாம் உங்கள் பக்கமாகச் சுற்றினாரே, இன்று ஒருநாள் நானும் அப்படிப் போவோம், அவனுக்கும் வழி விட்டதாக இருக்கும் என்று தோன்றியது. மலைப்பக்கம் திரும்பினேன். காற்று எதிரே; தூசி; தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். சுவரின் வளைவில் அவன். அவனுக்கு முதுகில் காற்று, பறந்து வந்தான். பிரேக்கைத் தொடக்கூட நேரமில்லை.

கீழே கிடக்கிறோம். என் வாயெல்லாம் ரத்தம். அவன் கால் இருக்கவேண்டிய திசையில் இல்லை. "நீ ஏன்டா இந்தப் பக்கம் வந்தே?" என்றேன். "அம்மா திதி. அவங்க பொறந்த வழியில ஒருநாள் போகலாம்னு வந்தேன். உனக்கும் வழி விட்ட மாதிரி இருக்கும்னு. நீ ஏன்டி வந்தே?" என்றான். சொன்னேன். மாமா, எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோவேறுக்காரர்கள் வந்து பார்த்தபோது நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அடிபட்டதில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தார்கள்.

அவன்தான் சொன்னான், யாரிடமும் சொல்லவேண்டாம் என்று. சொன்னால் இங்கே நான் வழி மாறியவள், அங்கே அவன் வழி மாறியவன். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நான் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. சொல்லாமலே இரண்டு பேருக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. இனி மறைத்து என்ன?

இன்று இரவு அப்பாவிடமும் சொல்லப்போகிறேன். பௌர்ணமிக்குக் காத்மாண்டுக்காரர்கள் வருகிறார்கள். எனக்குப் போக விருப்பமில்லை. அப்பா மனம் மாறமாட்டார், நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டீர்கள். உங்கள் இருவரையும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

மருமகள் என்று கையெழுத்துப் போடலாமா தெரியவில்லை.
சிமி


சிம்ராங்,
எட்டாம் மாதம், இருபத்தாறாம் நாள்

சிமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் விட்டுவிட்டது.

பலமுறை படித்தேன். நோர்தெனிடம் காட்டவில்லை. அவனைச் சோதிப்பது சரியா என்ற சந்தேகத்தோடே ஒன்று மட்டும் கேட்டேன்: "சிமி எந்த வழியில வந்தா?"

"அவ அவங்க வழியிலதான்பா வந்தா. நான்தான் வழி மாறி வந்தேன். எல்லாம் என் தப்பு" என்றான்.

"அவ அவங்க வழியில வந்திருந்தா ஆத்துப்பக்கம் வந்திருப்பா. நீ வழி மாறியிருந்தா மலைப்பக்கம் வந்திருப்பே. நடுவுல சுவர். எப்படிடா முட்டினீங்க?" என்றேன்.

போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

உன் அப்பாவுக்கு எழுத உட்கார்ந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

கடினமானதைக் கடிக்காதே.

மாமா


நம்தோ,
ஒன்பதாம் மாதம், எட்டாம் நாள்

வாத்தியார் மச்சானுக்கு,

என் பொண்ணு உங்களுக்கு எழுதினாளாமே. எனக்கும் சொல்லிட்டா. நீங்க பதில் போட்டீங்களாம், அவளுக்கு. எனக்குப் போடல. நல்லா இருக்கு.

ரெண்டு கழுதைங்க ஒண்ணுக்கொண்ணு மரியாதையா வழி விட்டு முட்டிக்கிச்சுங்க. அதுக்கு நாம ரெண்டு கெழட்டுக் கழுதைங்க ஊரையே முள்ளு போட வெச்சோம். யோசிச்சா எனக்குக் கோவம்தான் வருது. யார் மேலன்னு தெரியல, அதனால உங்க மேலயே வெச்சுக்கிறேன்.

அதுக்காக நான் குடத்தைத் தூக்கிட்டு உங்க வாசலுக்கு வருவேன்னு கனாக் காணாதீங்க. என் பொண்ணு உங்க வழிக்கு எறங்கி வந்தா. எங்கக்காவும் வந்தா. எங்க வீட்லேர்ந்து எறங்கி வர்றது அதோட போதும். அதுக்கப்புறம் ஒருத்தர் எங்க வழியில ஏறி வந்தார்னா அது உங்க பையன் ஒருத்தன்தான். அவன் உங்க பையன்னு நம்பவே முடியல, எங்கக்கா பையன்.

எங்க ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வாசல்ல எந்தக் குடம் முதல்ல எறங்குதோ அந்தக் குடத்துக்குத்தான் முதல்ல பதில் சொல்லணும். காத்மாண்டுக்காரன் பௌர்ணமியன்னிக்குக் காலையில வர்றான். மன்னிப்புக் குடமா, பொண்ணு கேக்குற குடமான்னு நான் யாரையும் கேக்கமாட்டேன். ரெண்டுலயும் ஒரே சாங்தான்.

மலைப்பக்க முள்ளை நான் எடுக்கமாட்டேன். ஊர்க்கூட்டத்துல போட்டது. ஆனா என் ஆடுங்க அந்தப் பக்கமா மேயுது. முள்ளைத் தின்னுட்டா நான் பொறுப்பில்ல.

எனக்கு உங்க மேல கோவம் போகல. அது வேற.

யுங்துங்


சிம்ராங்,
ஒன்பதாம் மாதம், பன்னிரண்டாம் நாள்

பிரியமுள்ள மைத்துனருக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இம்முறை முறைக்காகக் கேட்கவில்லை. நீங்கள் வாசலில் நின்றுகொண்டிருக்க வேண்டியிருக்கும் என்பதால் கேட்கிறேன்.

உங்கள் கோபம் போகவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்னுடையதும் முழுவதுமாகப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் மார்க் போட்டது பற்றி நீங்கள் எழுதியது இன்னும் உறுத்துகிறது.

பௌர்ணமிக்கு முதல்நாள் காலை, காற்று எழுமுன், குடத்தோடு கிளம்புகிறேன். நோர்தென் ஊன்றுகோலோடு வருவேன் என்கிறான். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. பாதி வழி பெம்பாவின் ஜீப், சுவரிலிருந்து நடை. வழியில் ஊரார் கேட்டால் என்ன சொல்வது என்று நேற்றெல்லாம் ஒத்திகை பார்த்தேன். 'என் மைத்துனர் வீட்டுக்குப் போகிறேன்' என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் நிற்கவில்லை. ஏறும்போது சிந்தாமலிருக்கக் குடத்தை முக்கால் பாகம்தான் நிரப்பியிருக்கிறேன். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.

சுவரில் நான் மலைப்பக்கமாக ஏறுகிறேன். சுவர் என் இடக்கைப் பக்கம் இருக்கும், உங்கள் வழியில். ஆடு தின்னாமல் விட்ட முள் இருந்தால் அரிவாளால் வெட்டிக்கொள்கிறேன். ஊரார் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று எழுத ஆசை. பார்த்தாலும் திரும்பமாட்டேன் என்பது வரைதான் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்களுக்கு எதிர்கொண்டு அழைக்கத் தோன்றி நீங்களும் கீழே இறங்கி வந்தால், தயவுசெய்து உங்கள் வழியிலேயே, ஆற்றுப்பக்கமாகவே இறங்குங்கள். அங்குள்ள எங்கள் ஊர் முள்ளை நேற்றே நான் இழுத்துப் போட்டுவிட்டேன். எனக்கு மரியாதை செய்கிறேன் என்று மலைப்பக்கம் மட்டும் வந்துவிடாதீர்கள். என்னிடம் இருப்பது மண் குடம்.

உங்கள் அக்காவின் கணவன்,
உர்கென்

பின்குறிப்பு: பிறந்த வழக்கத்துக்கு மாறாகச் சுவரைக் கடப்பவர் மனிதரை மதிக்காதவர் என்று என் முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். அதை நான் எழுதிய மேசைக்கு நேர் எதிரே உங்கள் அக்காவின் படம் மாட்டியிருக்கிறது. இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் சாகும்வரை, ஒவ்வொரு முறையும், தான் பிறந்த வழக்கத்துக்கு மாறாகவே அந்தச் சுவரைக் கடந்தவள் அவள். நிமிர்ந்து பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்கமாட்டேன். மூன்றாவது விஷயம் தவறு. திருத்தம் அல்ல, தவறு.